காதில் பட்டனா, கழுத்தில் பட்டையா: கறவை மாட்டுக்கு எந்த மின்னணு அடையாளம்?

போன ஐப்பசியில் எங்கள் கொட்டகையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். மொத்தம் 22 உருப்படி. அதில் மூன்று ஜெர்சி கலப்பு மாடுகள் ஒரே சாயல்: மூன்றும் செவலை, மூன்றுக்கும் முகம் கொஞ்சம் கருத்திருக்கும். சினை ஊசி போட வந்தவருக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். நான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசி நோட்டில் இன்னொரு மாட்டின் பேரில் ஏறிவிட்டது.

மூன்று மாதம் கழித்து சினை பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சினை என்று நாங்கள் நம்பியிருந்த மாடு காலி. சினை என்று நம்பியதால் அது பருவத்துக்கு வருகிறதா என்று யாரும் பார்க்கவே இல்லை. காலி என்று நினைத்திருந்ததுதான் சினை. நடுவில் ஒருநாள் அதற்கு மறுபடி ஊசி போட ஆளைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோது அம்மா தடுத்தார். "இது பருவத்துல இல்ல சாமி. அசை போட்டுட்டு அமைதியாப் படுத்திருக்குது பாரு." சினை மாட்டுக்கு ஊசி போட்டால் கரு கலைந்துபோக வாய்ப்பு உண்டு. அன்றைக்கு அம்மா சொன்னதைக் கேட்டதால் கன்று பிழைத்தது.

அதற்கப்புறம்தான் மின்னணு அடையாளம் என்று சந்தையில் கிடைக்கும் ஒவ்வொன்றையும் கேட்டு, சில பண்ணைகளில் நேரில் பார்த்து, எங்களுக்கு எது ஆகும் என்று முடிவுக்கு வந்தேன். 5 மாடு, 20 மாடு, 100 மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரே பதில் இருக்க முடியாது. எங்கே எது பொருந்தும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விற்க வருபவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவார்கள். ஆனால் இந்தக் கருவிகள் பதில் சொல்லும் கேள்விகள் மூன்று. இது எந்த மாடு? இப்போது எங்கே இருக்கிறது? உடம்பு எப்படி இருக்கிறது? காதில் போடும் சிப்புக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரியும். ஜிபிஎஸ் பட்டை இரண்டாவது கேள்விக்கு. கழுத்தில் கட்டும் சென்சார் பட்டை மூன்றாவதற்கு. உங்கள் பண்ணையில் பணம் ஒழுகுவது எந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் என்று தெரியாமல் வாங்கினால், சிப்பு வாங்கிவிட்டு "மாடு பருவத்துக்கு வந்ததை இது சொல்லவில்லையே" என்று வருத்தப்பட நேரிடும். அப்படி வருத்தப்பட்ட இரண்டு பேரை நானே பார்த்தேன்.

கண்ணால் அடையாளம் காண்பது

காங்கேயம் பக்கத்தில் மாட்டுக்குப் பெயரே அதன் நிறம்தான்: மயிலை, காரி, செவலை, பில்லை. அதற்குள்ளே சுழி, கொம்பின் வளைவு, வாலின் முடி என்று பிரித்துப் பிரித்து அடையாளம் வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு எங்கள் மாடுகளின் நடைச் சத்தமே போதும். பத்து மாடு வரைக்கும், பார்த்துக்கொள்பவர் வீட்டு ஆளாகவே இருக்கும் வரைக்கும், இதைவிடச் சிறந்த முறை கிடையாது.

இது உடைவது இரண்டு இடங்களில். ஒன்று, ஒரே சாயலில் ஜெர்சி கலப்பு மாடுகள் பெருகும்போது. கருப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாட்டின் திட்டுகளாவது ஒன்றுக்கொன்று வேறுபடும், ஜெர்சிக்கு அதுவும் இல்லை. இரண்டு, ஆள் மாறும்போது. அம்மாவின் தலைக்குள் இருக்கும் பதிவேடு புது ஆளுக்குக் கை மாறாது. எங்கள் கொட்டகையில் நடந்த தவறு இந்த இரண்டும் சேர்ந்ததால் வந்தது.

அரசு போடும் மஞ்சள் வில்லை

இது ஏற்கெனவே உங்கள் மாட்டின் காதில் இருக்கும். 12 இலக்க எண்ணும் பார்கோடும் அச்சிட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. பசு ஆதார் என்று சொல்கிறார்களே, அதுதான். 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் தடுப்பூசி போடும்போது, யாருக்குப் போட்டோம் என்று பதிய இந்த எண்தான் ஆதாரம். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய பதிவு முறையில் தொடங்கி, இப்போது பாரத் பசுதன் என்ற அரசின் இணையத் தளத்தில் ஊசி, சினை, கன்று, நோய் எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஏறுகிறது.

இதை மட்டமாகப் பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படிப் பேசமாட்டேன். 2019 கணக்கெடுப்பில் நாட்டில் மாடு 19 கோடிக்கு மேல், எருமை ஏறக்குறைய 11 கோடி. அத்தனை உருப்படிக்கும் ஒரே எண் முறையைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம், கண்ணிருந்தால் படிக்கலாம். உங்களுக்குச் செலவும் இல்லை.

ஆனால் பண்ணைக்குள் தினசரி வேலைக்கு இது போதுமா என்றால், எங்கள் அனுபவத்தில் போதவில்லை. எழுத்து சின்னது. 12 இலக்கத்தைப் படிக்க மாட்டின் காதைப் பிடிக்க வேண்டும், மாடு தலையை ஆட்டும். சாணி அப்பினால் பார்கோடு போனின் கேமராவில் விழாது. துணியை நனைத்துத் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, அப்புறம் பார்க்க வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒருமுறை செய்யலாம். 22 மாட்டுக்குக் காலை மாலை யாரும் செய்யமாட்டார்கள். அதனால் நோட்டில் "வாசல் ஓரச் செவலை", "இரண்டாவது செவலை" என்றுதான் எழுதுவோம். மாட்டை இடம் மாற்றிக் கட்டினால் அதுவும் போச்சு.

இன்னொன்று, வில்லை கழன்று விழும். வேலியில், தீவனத் தொட்டியின் கம்பியில் மாட்டிக் காதைக் கிழித்துக்கொண்டு போகும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவரின் மாட்டுக்கு இப்படித்தான் வில்லை விழுந்தது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் மாடு வயிறு உப்பி இறந்தது. காப்பீடு இருந்தது, பிரீமியம் கட்டியிருந்தார், காதில் வில்லை இல்லை. பணம் வரவில்லை. மாட்டுக் காப்பீட்டில் வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது பொதுவான விதி. வில்லை விழுந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லி, புது எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். அவர் அன்றைக்கே ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்த மாட்டின் கன்று இன்னும் அவர் தொழுவத்தில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

செலவு குறைந்த ஒரு வழி இங்கே இருக்கிறது. அரசு வில்லை இல்லாத மற்ற காதில், பெரிய எழுத்தில் இரண்டு இலக்க எண் மட்டும் உள்ள வில்லை போடலாம். பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம். 10 முதல் 15 மாடு வரை உள்ள பண்ணைக்கு இதுவும் ஒழுங்கான ஒரு நோட்டும் போதும் என்பது என் உறுதியான எண்ணம். மின்னணுப் பக்கம் போகவே வேண்டாம்.

காதுப் பட்டன்

ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அடையாளம் காணும் முறை) என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சட்டைப் பித்தானைவிடப் பெரிய வட்டப் பட்டன். உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருளும் சின்னச் சிப்பும். பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் கருவியின் காந்தப் புலத்திலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். பேட்டரி இல்லாததால் மாட்டின் ஆயுள் முழுக்க வேலை செய்யும்.

உலகம் முழுக்க மாட்டுக்குப் பெரும்பாலும் ஒரே அலைவரிசை: 134.2 கிலோஹெர்ட்ஸ். சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற இரண்டு தரங்கள் இதை வரையறுக்கின்றன. எண் 15 இலக்கம். முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறியீடாக இருக்கலாம், இந்தியாவுக்கு 356. இல்லையென்றால் 900 அல்லது அதற்கு மேல் இருக்கும், அது தயாரிப்பாளரின் குறியீடு. மூன்றைக் கழித்தால் மிச்சம் 12. நம் பசு ஆதாரும் 12 இலக்கம்தான். ஆனால் கடையில் கிடைக்கும் பட்டன்களில் பெரும்பாலும் தயாரிப்பாளர் எண்தான் இருக்கும். அது ஒன்றும் கெடுதல் இல்லை. பட்டன் எண் ஒருபக்கம், அரசு வில்லை எண் ஒருபக்கம் என்று இரண்டையும் இணைத்து எழுதிய ஒரு பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டன் குத்துகிற அன்றைக்கே அதை எழுதிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் மறுபடி எல்லா மாட்டின் காதையும் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதில் இரண்டு ரகம் உண்டு: எஃப்டிஎக்ஸ்-பி, எச்டிஎக்ஸ். முதல் ரகம், கருவி சக்தி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பதில் சொல்லும். விலை குறைவு. இரண்டாவது, சக்தியைக் கொஞ்சம் சேமித்துவைத்து, கருவி அமைதியான பிறகு பேசும். அதனால் பெரிய ஆன்டெனாவில் கொஞ்சம் அதிக தூரம் கிடைக்கும். கையில் பிடித்துப் படிக்கும் கருவி என்றால் முதல் ரகமே போதும். மாடுகள் வரிசையாக ஒரு சந்துக்குள் நடந்துபோகும்போது தானாகப் படிக்க வேண்டும் என்றால் இரண்டாவதை யோசிக்கலாம். நல்ல கருவி இரண்டையும் படிக்கும், வாங்கும்போது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பற்றித்தான் அதிகமான பொய் நம்பிக்கை இருக்கிறது. கைக்கருவியில் ஒரு சாண் தூரம். நிலையாக மாட்டிய பலகை ஆன்டெனாவில் முக்கால் மீட்டர், இடம் நன்றாக இருந்தால் ஒரு மீட்டர். அவ்வளவுதான். "கொட்டகை வாசலில் நின்றால் எல்லா மாடும் தெரியும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்தில் இரும்புக் குழாய், கறவை இயந்திரத்தின் மோட்டார், இன்வெர்ட்டர் இருந்தால் தூரம் இன்னும் குறையும். ஒரு பண்ணையில் இதை நேரில் பார்த்தேன். வெற்றிட மோட்டார் நின்றிருக்கும்போது ஒழுங்காகப் படித்த கருவி, மோட்டாரைப் போட்டதும் மாட்டின் காதை ஒட்டி வைத்தால்தான் எண்ணைக் காட்டியது. கறவை நடக்கும் நேரத்தில்தான் அதற்கு வேலையே!

இதைத் தவிர யுஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) என்று இன்னொரு அலைவரிசைப் பட்டனும் விற்கிறார்கள். சில மீட்டர் தூரம் படிக்கும், ஒரே நேரத்தில் பல மாட்டைப் படிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அலை ஈரத்திலும் உடம்பிலும் உறிஞ்சப்பட்டுவிடும். மாடு தலையைத் திருப்பினால் எண் விழாமல் போகலாம், பக்கத்து மாட்டின் எண் விழுந்துவிடவும் கூடும். பெரிய ஏற்றுமதிக் கொட்டிலில் கும்பலாக எண்ணுவதற்குச் சரி. எந்த மாட்டுக்கு ஊசி போடுகிறோம் என்று உறுதியாகத் தெரிய வேண்டிய இடத்தில், பக்கத்தில் இருப்பதை மட்டும் படிக்கும் கருவிதான் நமக்கு வேண்டியது. ஒரு சாண் தூரம் அங்கே நல்லதாகிவிடுகிறது.

பட்டன் குத்துவதைப் பற்றி நாலு வார்த்தை, ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். காதில் இரண்டு குருத்தெலும்பு வரப்பு ஓடும். அவற்றுக்கு நடுவில், தலையை ஒட்டிய பாதியில், ரத்த நாளம் இல்லாத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். நுனியில் குத்தினால் காது தொங்கும், சீக்கிரம் கிழியும். குத்தும் இடத்தையும் கருவியின் ஊசியையும் அயோடின் வைத்துத் துடைக்க வேண்டும். கன்றாக இருந்தால் காது வளரும், தடிக்கும், அதற்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் செய்யவே கூடாது. ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். குத்திய பிறகு பத்து நாளாவது தினம் காதைப் பார்த்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவிவந்தால் போதும். ஒருமுறை புழு வைத்த மாட்டின் காதைக் கிட்ட இருந்து பார்த்தவர் இதை மறக்கமாட்டார். மாடு தலையைச் சாய்த்தபடியே நிற்கும், தொட்டாலே உதறும்.

வயிற்றுக்குள் குண்டு, தோலுக்குள் ஊசி

காது கிழியும் தொல்லையே வேண்டாம் என்று நினைத்தவர்கள் கண்டுபிடித்தது போலஸ். பீங்கானில் செய்த உருளை, பெரிய மாட்டுக்கு 70 கிராம் அளவில் இருக்கும். உள்ளே அதே சிப்பு. மாத்திரை விழுங்கவைக்கும் கருவியால் தொண்டைக்குள் செலுத்தினால், கனம் காரணமாக வயிற்றின் இரண்டாவது அறையில், தேன்கூடு போல் இருக்குமே, அங்கே போய்த் தங்கிவிடும். ஆயுளுக்கும் அங்கேயே கிடக்கும். விழாது, திருட முடியாது, கிழியாது. ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி அனுப்பும் போட்ஸ்வானா நாடு தழுவிய அளவில் இதைத்தான் முதலில் எடுத்தது, பிறகு காது வில்லைக்கு மாறியது.

எங்களுக்கு இது ஆகாது என்று முடிவு செய்ததற்குக் காரணம் எளிது. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டுக்குள் சிப்பு இருப்பதே தெரியாது. கருவி இல்லாத நாளில், கருவி பழுதான நாளில், அது இல்லாததற்குச் சமம். வயிறு வளராத கன்றுக்குப் போடவும் முடியாது. பழக்கமில்லாத கையால் செலுத்தினால் தொண்டையைக் கிழித்துவிடும் ஆபத்தும் உண்டு. காட்டில் மேயும், காது அடிக்கடி கிழியும் மாடுகளுக்கு யோசிக்கலாம். கட்டுத்தறி மாட்டுக்கு வேண்டாம்.

தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தும் கண்ணாடிச் சிப்பு நாய்க்குப் போடுவதுதான், மாட்டுக்குக் கொஞ்சம் பெரியது. காப்பீட்டில் வில்லையை மாற்றி ஏமாற்றுவதைத் தடுக்க இது நல்ல வழி. மாட்டுக்குள் அது இடம் நகரும் என்பதும், இறைச்சிக்குப் போகும் மாட்டில் தேடி எடுக்க வேண்டும் என்பதும் குறை. பண்ணைக்காரர் தானாகப் போய் வாங்க வேண்டியது இல்லை. காப்பீட்டு நிறுவனம் கேட்டுத் தானே போட்டால் போட்டுக்கொள்ளட்டும்.

மூக்கு ரேகை பற்றியும் ஒரு வரி. மாட்டின் மூக்கின் ஈரத் தோலில் உள்ள வரிகள் நம் விரல் ரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் வேறு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1920களின் தொடக்கத்திலேயே மையொற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது அதை போன் கேமராவில் எடுத்து ஒப்பிடும் செயலிகள் வந்துவிட்டன. மாட்டுக்கு வலியே இல்லாத முறை என்பதால் இதன் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் மூக்கைத் துடைத்து, மாட்டை அசையாமல் நிறுத்தி, வெளிச்சம் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். காப்பீடு போடும் அன்றும் இழப்பீடு கேட்கும் அன்றும் செய்யலாம், தினம் செய்ய முடியாது.

வெளிநாட்டுக் கணக்கு நமக்கு ஏன் அப்படியே பொருந்தாது

ஆஸ்திரேலியாவில் இப்படி, உருகுவேயில் இப்படி என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அவர்கள் அதைச் செய்ததற்குக் காரணம் வேறு. பிரிட்டனில் மேட் கவ் என்கிற பித்தப்பசு நோயால் 1996இல் ஐரோப்பா அந்நாட்டு மாட்டிறைச்சிக்குத் தடை போட்டது. அதே ஆண்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் பாஸ்போர்ட் வந்தது. உருகுவே 2001இல் கோமாரியால் ஏற்றுமதிச் சந்தையை இழந்து தவித்த நாடு. 2006 முதல் ஒவ்வொரு கன்றுக்கும் மின்னணு வில்லை கட்டாயம், அதை அரசே கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த பண்ணையில் போடும் பட்டன் வெள்ளை. அது விழுந்து, வேறு பண்ணையில் மறுபடி போட்டால் ஆரஞ்சு. நிறத்தைப் பார்த்தே பூர்வீகம் தெரியும். அமெரிக்காவில் மாநிலம் தாண்டும் கறவை மாடுகளுக்கும், 18 மாதம் தாண்டிய இனப்பெருக்க மாடுகளுக்கும் போடும் அதிகாரபூர்வ வில்லை கண்ணாலும் கருவியாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி 2024 நவம்பர் 5 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

இவர்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இறைச்சி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது? நோய் வந்தால் ஒரே நாளில் அந்த மாடு எங்கெல்லாம் நின்றது என்று தேடிப் பிடிக்க வேண்டும். நம் பண்ணையின் கேள்வி அது இல்லை. எந்த மாடு எப்போது சினையானது, எது எவ்வளவு கறக்கிறது, எதற்கு என்ன மருந்து போட்டோம். தேடிப் பிடிக்கும் வேலைக்கு அரசின் எண் முறை இருக்கிறது. சந்தையில் மாடு கைமாறும்போது வில்லையை வெட்டி எறிகிறவர்களையும், வாங்கியவர் பேருக்குப் பதிவை மாற்றாமல் விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டையை எந்தச் சிப்பும் அடைக்காது.

கழுத்துப் பட்டை

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், விலையும் இதுதான் அதிகம். பட்டைக்குள் அசைவை அளக்கும் சென்சார், பேட்டரி, ரேடியோ. மாடு எவ்வளவு நடக்கிறது, தலையை எப்படி ஆட்டுகிறது, எத்தனை நிமிடம் அசை போடுகிறது என்று அளந்து, கொட்டகையில் மாட்டிய பெட்டிக்கு அனுப்பும். அங்கிருந்து போனுக்குச் செய்தி வரும்: 14ஆம் எண் மாடு பருவத்தில் இருக்கலாம்.

இதன் மதிப்பைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. மாட்டின் பருவச் சுற்று 21 நாள். பருவம் நீடிப்பது அரை நாள் முதல் முக்கால் நாள் வரைக்கும். அதுவும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும், நாம் தூங்கும்போது. தவறவிட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு மாட்டுக்குத் தினம் 250 ரூபாய் தீவனச் செலவு என்று வைத்தால், தவறவிட்ட ஒரு பருவத்துக்கு 5,250 ரூபாய் சும்மா போகிறது. அடுத்த கன்றும் அடுத்த கறவையும் அத்தனை நாள் தள்ளிப்போவது தனி. எருமை வைத்திருப்பவர்களுக்கு ஊமைப் பருவம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கத்தாது, தாவாது, ஒன்றும் காட்டாது.

அசை போடும் நேரத்தை அளப்பது இன்னும் பெரிய உதவி. நல்ல உடம்போடு இருக்கும் மாடு நாளுக்கு ஏழு, எட்டு மணி நேரம் அசை போடும். அது திடீரெனக் குறைந்தால் மடிநோயோ, செரிமானக் கோளாறோ, கன்று ஈனும் நேரமோ நெருங்குகிறது என்று அர்த்தம். பால் குறைவதற்கு முன்பே தெரிந்துவிடும். அம்மா "படுத்து அசை போடுது பாரு" என்று கண்ணால் பார்த்துச் சொன்னதை இந்தப் பட்டை இரவிலும் விடாமல் பார்க்கிறது.

ஆனால் விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தப் பட்டைகள் அவிழ்த்துவிட்ட மாட்டுக்காக வடிவமைத்தவை. பருவத்துக்கு வந்த மாடு அலையும், மற்ற மாட்டின் மேல் தாவும், நடை இரண்டு மடங்காகும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் சென்சார் கண்டுபிடிக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான கொட்டகைகளில் மாடு இரண்டு முழக் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. அலைய இடம் இல்லை. காலில் கட்டும் நடை அளவி அங்கே பெரிதாக உதவாது. கழுத்துப் பட்டை கொஞ்சம் பரவாயில்லை, தலை அசைவும் அசை போடுவதும் மாறுவதைப் பிடிக்கும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் துல்லியம் கட்டிப்போட்ட மாட்டில் வராது. அதனால் பட்டை வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வேலி போடச் செலவழித்து, மாடுகளைத் தினம் சில மணி நேரமாவது அவிழ்த்துவிட ஒரு திறந்தவெளி செய்யுங்கள். அவிழ்த்துவிட்டாலே காலையும் மாலையும் அரை மணி நேரம் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பாதிப் பருவங்கள் தெரிந்துவிடும். அதற்கப்புறமும் தவறினால் பட்டை வாங்கலாம்.

வாங்குவதென்றால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி எத்தனை வருடம், மாற்ற முடியுமா? மாதக் கட்டணம் உண்டா, அதை நிறுத்தினால் பழைய பதிவு நம் கைக்கு வருமா? எச்சரிக்கைச் செய்தி தமிழில் வருமா, கொட்டகையில் வேலை செய்பவரின் போனுக்கும் வருமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். விடியற்காலை நாலு மணிக்கு மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

ஜிபிஎஸ் பட்டை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டுத்தறி மாடு எங்கே இருக்கிறது என்பது நமக்கே தெரியும். பர்கூர் மலையில் பட்டி போட்டுக் காட்டில் மேய்ப்பவர்களுக்குத்தான் உண்மையில் இது தேவை. ஆனால் மலைக்குள் போன் சிக்னல் இல்லாத இடத்தில், இடத்தைக் கண்டுபிடித்த பட்டை அதை யாருக்கும் அனுப்ப முடியாது. தூரம் போகும் குறைந்த சக்தி ரேடியோவும் மேட்டில் சொந்தமாக ஒரு கோபுரமும் வைத்தால் நடக்கும். அதைத் தனி ஆள் செய்ய முடியாது, பட்டிக்காரர்கள் சேர்ந்து, அரசின் உதவியோடு செய்ய வேண்டிய வேலை.

எவ்வளவு மாட்டுக்கு எது

10, 15 மாடு வரை: அரசு வில்லை, மற்ற காதில் பெரிய எண் வில்லை, ஒரு நோட்டு. பெரிய எண், அரசு எண்ணின் கடைசி நாலு இலக்கம், பிறந்த தேதி, ஊசி தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

20 முதல் 50 வரை, கூலி ஆள் மாறிக்கொண்டே இருக்கும் பண்ணை: காதுப் பட்டனும் ஒரு கைக்கருவியும். இங்கே ஒரு நிபந்தனை. கருவியைப் படிக்க ஒரு நிரந்தர இடமும் நேரமும் இருக்க வேண்டும். கறவைக்கு வரும் இடமோ, ஊசி போடும்போது மாட்டை நிறுத்தும் மரச்சட்டமோ எதுவானாலும் சரி. "தேவைப்படும்போது படிப்போம்" என்று வாங்கினால் ஒரு மாதத்தில் கருவி அலமாரிக்குப் போய்விடும். கருவி படித்த எண் போனில் நேராக ஏறி, அந்த மாட்டின் பக்கம் திறக்க வேண்டும். எண்ணைக் காட்டுவதோடு நின்றுவிடும் கருவியை வாங்கினால், 15 இலக்கத்தைக் கையால் எழுதும் புதுத் தவறுதான் மிச்சம்.

50க்கு மேல், அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கொட்டகை, பருவம் தவறுவது நிஜமாகவே பெரிய இழப்பு என்றால் கழுத்துப் பட்டை. எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கன்று ஈன்று 40 நாள் தாண்டி, ஊசிக்குக் காத்திருக்கும் மாடுகளுக்கு மட்டும் கட்டி, சினை உறுதியானதும் கழற்றி அடுத்ததுக்குக் கட்டலாம். மொத்த மந்தையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பட்டை இருந்தால் சுற்றி வந்துவிடும். ஆனால் பட்டை எண் எந்த மாட்டிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மாற்றிப் பதிய வேண்டும். காதில் நிரந்தரப் பட்டன் இருந்தால்தான் இந்தச் சுழற்சி குழப்பம் இல்லாமல் நடக்கும்.

எந்த நிலையிலும் அரசு வில்லையைக் கழற்றக் கூடாது. தடுப்பூசியும், காப்பீடும், அரசு உதவியும் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. பட்டனைக் காப்பீட்டுக்கு ஏற்றுக்கொள்வார்களா என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் காதுப் பட்டன் எடுத்தோம். பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஒரு கருவியும் இரண்டு பட்டனும் ஒரு நாள் கடன் கேட்டேன். பட்டனைக் காதில் குத்தாமல் கழுத்துக் கயிற்றில் காதுப் பக்கமாகக் கட்டி, மாலைக் கறவையில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே படித்துப் பார்த்தோம். எங்கள் மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் இரண்டு இடத்தில் படிக்கவில்லை, மற்ற இடத்தில் ஒரு சாணில் படித்தது. அதனால் கறவை முடிந்து மாடு தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில் படிப்பது என்று இடத்தை மாற்றிக்கொண்டோம். மழை முழுசாக விட்டபின், மாசியில், 22க்கும் போட்டு முடித்தோம். அந்த மூன்று செவலைக்கும் முதலில். அம்மா கருவியைக் கையில் வாங்கி, எண்ணைப் பார்க்கும் முன்பே ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னார். புது ஆள் பக்கத்தில் நின்று, போனில் திறந்த பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துக்கொண்டே வந்தார்.